அறுத்தவர் பெயரில் ஒரு கம்பி

அறுபத்தைந்தைத் தாண்டி, மாத்திரைப் பெட்டியும் மூக்குக் கண்ணாடியுமாக உட்கார்ந்திருக்கும் என் வயசுக்காரிகளே, வயசுக்காரர்களே, நம் எல்லோருக்கும் ஒரு கெட்ட பழக்கம் இருக்கிறது. கண்ணால் பார்த்த பொய்யைக்கூட, "போகட்டும், எந்தக் காலத்துச் சங்கதி" என்று விட்டுவிடுகிறோம். அதற்குப் பெரிய மனசு என்று பெயர் வேறு வைத்துக்கொள்கிறோம். எனக்கு அந்த மனசு கிடையாது. நான் சண்டைக்காரி. இதுவும் சண்டைதான், கேட்டுக்கொள்ளுங்கள்.

போன மாதம் சீவலப்பேரியில் ஒரு கல்யாணம். மண்டபத்து வாசலில் பாட்டுக் கோஷ்டி வாசித்துக்கொண்டிருந்தது. நடுவில் மாண்டலின் வைத்திருந்தவருக்கு ஐம்பது வயசு இருக்கும். அவருடைய மாண்டலினில், வழக்கமான கம்பிகளுக்கு மேல்பக்கம், கழுத்தின் பாதியில் ஒரு ஆணி அடித்து அதிலிருந்து ஒரு குட்டைக் கம்பி கட்டியிருந்தது. ஒவ்வொரு சுரத்துக்கும் இடையில் அவருடைய பெருவிரல் அந்தக் குட்டைக் கம்பியைப் போய்த் தொட்டுத் தொட்டு வந்தது. முப்பது வருஷம் தொலைபேசி நிலையத்தில் காதில் கருவி மாட்டிக்கொண்டு உட்கார்ந்தவள் நான், ஒரு தடவை கேட்ட சத்தம் எனக்கு மறக்காது. சாப்பாட்டுப் பந்தியில் இலை போட்டிருந்தும் எழுந்து போனேன்.

"அது என்ன கம்பி?" என்று கேட்டேன்.

"இதாக்கா? உபதேசியார் கம்பி. டவுண்லயிருந்து அம்பாசமுத்திரம் வரைக்கும் மாண்டலின் புடிக்கவன் எல்லாம் இதத்தான் கட்டுதான். ராதாபுரத்துப் பக்கம் கடக்கரையில ஒரு உபதேசியார் இருந்தாராம், கோயில்ல பாட்டுச் சொல்லிக் கொடுக்கவரு. அவரு கண்டுபுடிச்சது" என்றார்.

எந்த ஊர் என்று கேட்டேன். என் ஊரைச் சொன்னார்.

அவர்தான் கோஷ்டிக்காரர்கள் சங்கத்துக்குச் செயலாளராம். சங்கத்து ஆண்டு விழாவில் உபதேசியார் படத்தைத் திறக்கப் போகிறார்களாம். விழா மலர் அச்சுக்குத் தயாராக இருக்கிறதாம். "நீங்க அந்த ஊரா? அப்போ அவரு போட்டோ நல்லதா ஒண்ணு கெடைக்குமா யக்கா?" என்று பணிவாகக் கேட்டார்.

"அந்தக் கம்பியை உபதேசியார் கட்டவில்லை. அறுத்தார். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். கட்டியது என் அத்தை" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. "மலரு அடுத்த வாரம் அச்சுக்குப் போவுது. ஆதாரம் ஏதும் இருந்தா கொண்டாங்க யக்கா" என்றார். திரும்பி வந்தபோது என் இலையை எடுத்துவிட்டிருந்தார்கள்.

ஆதாரம் என்று காட்ட என்னிடம் ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. எனக்கு ஒன்பது வயசில் வந்த ஆடி மாதம் ஒன்றுதான் இருக்கிறது.

எங்கள் ஊரில் ஆடிக் காற்று மணலை அள்ளிச் சோற்றில் போடும். அந்தக் காற்றோடு எங்கள் வேதக்கோயில் திருவிழாவும் வரும். கொடியேற்றிய நாளிலிருந்து பத்து நாள் திருவிழா. அத்தை என் அப்பாவின் தங்கை. அவளுக்கு இருபத்திரண்டு வயசு, கல்யாணமாகி ஒரு வருஷம். மாமா தூத்துக்குடியில் கப்பலேறினால் எட்டு மாதம் கழித்துத்தான் முகத்தைப் பார்க்கலாம் என்பதால் அவள் எங்கள் வீட்டிலேயே இருந்தாள்.

அந்த வருஷம் மாமா வந்தபோது ஒரு வாத்தியம் கொண்டுவந்தார். ஏதோ துறைமுகத்தில் ஒரு வெள்ளைக்கார மாலுமியிடம் இரண்டு சிப்பம் கருப்பட்டியைக் கொடுத்து வாங்கினாராம். வட்டமான மரச் சட்டத்தில் தோல் இழுத்துக் கட்டி, அதில் நீளமாக ஒரு கழுத்து. பேன்ஜோ என்று மாமா சொன்னார். ஊர் அதைச் சட்டிக் கிட்டார் என்றது. நான்கு கம்பி கழுத்தின் உச்சி வரை போகும். ஐந்தாவது கம்பி மட்டும் பாதிக் கழுத்தில் இருந்த ஒரு முளையிலிருந்து தொடங்கும். மாமாவுக்கு வாசிக்கத் தெரியாது. அந்த மாலுமி வாசித்ததைப் பார்த்திருக்கிறார். "அவன் மத்த வெரல எப்படி வேணும்னாலும் போடுவான். பெருவெரல் மட்டும் அந்தச் சின்னக் கம்பிக்கு வந்து வந்து போவும்" என்றார். அவ்வளவுதான் பாடம். மறுவாரம் கப்பலுக்குப் போய்விட்டார்.

அத்தை ஓலைப்பெட்டி முடைபவள். முடையும்போது மற்ற விரல்கள் ஓலையை மேலும் கீழும் கோத்துக்கொண்டு போகும். ஒவ்வொரு கோப்புக்கும் பெருவிரல் திரும்பி வந்து, முடைந்த இடம் நெகிழாமல் அழுத்திவிட்டுப் போகும். பத்து வயசிலிருந்து அவள் கைக்கு அந்தக் கணக்கு ஊறியிருந்தது. சட்டிக் கிட்டாரை மடியில் வைத்ததும் கை தானாக முடைய ஆரம்பித்துவிட்டது. பெருவிரல் அழுத்துகிற இடத்தில் குட்டைக் கம்பி இருந்தது. யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. கடற்காற்றில் தோல் தொய்ந்துவிடும், அடுப்படியில் காட்டிக் காட்டி முறுக்கேற்றுவாள். சூடேறிய தோல் வாசனையும் மீன் குழம்பு வாசனையும் சேர்ந்து வரும் அந்த நேரத்தில் நான் வேறு எங்கேயும் போகமாட்டேன்.

அவள் வாசித்தது நான் கோயிலில் கேட்ட பாட்டுகள்தான், ஆனால் அவள் கையில் அவை நடக்கத் தொடங்கின. பாட்டு மேலே போகும், கீழே இறங்கும். அந்தக் குட்டைக் கம்பி மட்டும் ணங், ணங் என்று ஒரே சுரத்தில், தாளத்துக்கு அரை அடி முந்திக்கொண்டு நிற்கும். அழுவதற்காகவே எழுதிய பாட்டைக்கூட அவள் வாசித்தால் கால் சும்மா இருக்காது.

கோயிலில் ஒரு கம்பி வாத்தியக் குழு இருந்தது. உபதேசியாரின் ஆர்மோனியம், ஒரு வயலின், ஒரு மாண்டலின். மாண்டலின்காரர் அந்த வருஷம் பம்பாய்க்கு வேலைக்குப் போய்விட்டார். அத்தைக்கு ஒரே ஆசை. அந்த இடத்தில் திருவிழாவுக்குத் தான் உட்கார வேண்டும். கொடியேற்றத்தன்று பூசை முடிந்து உபதேசியாரிடம் போய்க் கேட்டாள். என் கையைப் பிடித்துக்கொண்டுதான் கேட்டாள்.

"பொம்பளைங்க முன்வரிசையில நின்னு பாடட்டும். வாத்தியத்துப் பக்கம் பொம்பளைக்கு என்ன சோலி? வாத்தியத்த வேணும்னா அனுப்பி வையி" என்றார் அவர்.

அவரை நான் வில்லனாக்க வரவில்லை. நல்ல குரல். எனக்கு ஞானோபதேசம் சொல்லிக் கொடுத்தவர். ஒரு பிள்ளையையும் அடித்தது கிடையாது. ஆனால் தனக்குத் தெரியாதது ஒன்று உலகத்தில் இருந்தால் அது தப்பாகத்தான் இருக்கும் என்று உறுதியாக நம்பியவர். நம்மில் எத்தனை பேர் அப்படி இல்லை, சொல்லுங்கள்.

நான்காம் நாள் மதியம் எங்கள் வீட்டுக்கு வந்தார். அத்தை ஓலை வாங்கப் போயிருந்தாள். அப்பா கயிற்றுக் கட்டிலில் அவரை உட்காரவைத்துச் சட்டிக் கிட்டாரை எடுத்து நீட்டினார். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே. உபதேசியார் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதப் பாத்தீங்களா? நாலு கம்பி ஒழுங்கா மேல போவுது. இது மட்டும் பாதியில குந்திக்கிட்டு இருக்கு. செஞ்ச தச்சன் அளவு தப்பிட்டான்."

"தப்புன கம்பி எதுக்கு அண்ணாச்சி? எடுத்துருங்க" என்றார் அப்பா.

"மத்த சுரத்தோடயும் சேரல. ஒரே கத்தா கத்துது" என்று உபதேசியார் அதைச் சுண்டிக் காட்டினார்.

உபதேசியார் கோயில் மெழுகுதிரி நறுக்கும் கத்தரியைப் பையிலேயே வைத்திருப்பார். பை என் பக்கத்தில் இருந்தது. எடுத்துக் கொடுத்தது நான். பெரியவர் கேட்டார், கொடுத்தேன். கம்பி அறுந்தபோது 'விண்' என்று ஒரு சத்தம் வந்தது. அறுந்த துண்டு என் காலடியில் சுருண்டுகிடந்தது. எனக்கு என்னவோ தப்பு நடக்கிறது என்று தெரிந்தது. வாயைத் திறக்கவில்லை.

அத்தை வந்து பார்த்தாள். ஓலைக் கட்டைக் கீழே போட்டாள்.

"யாரு அறுத்தா?"

"நான் சொல்லித்தான் அறுத்தாவ" என்றார் அப்பா.

"தப்பாக் கட்டுன கம்பி இல்ல அண்ணே அது. அதுலதான் எல்லாம் நிக்கி."

"ஒம்மாப்பிள்ள கொண்டாந்த கிறுக்கெல்லாம் கோயிலுக்கு ஆவாது. போயி வேலயப் பாரு ஏட்டி."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் அப்பா சமாதானம் சொல்லி முடித்திருப்பார். உட்கார்ந்து முடைய ஆரம்பித்தாள். அன்றைக்கு முடைந்த பெட்டி இறுகி இறுகி, மூடி பொருந்தவேயில்லை.

ஏழாம் நாள் மாலை ஆராதனையில் உபதேசியார் தானே சட்டிக் கிட்டாரை வாசித்தார். தேங்காய்ச் சிரட்டைச் சில்லை வைத்து மேலும் கீழும் இழுத்தார். தட் தட் என்று மீன் வெட்டுகிற சத்தம் வந்தது. பின்வரிசையில் கருவாட்டு வியாபாரி ஒருவர் சிரித்தார், அவரைப் பார்த்துப் பிள்ளைகள் சிரித்தன. அன்றைக்கே வாத்தியம் வீட்டுக்குத் திரும்பி வந்துவிட்டது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். உபதேசியாரும் வாத்தியம் மட்டம் என்று சொல்லிவிட்டார்.

பத்தாம் நாள் சாயங்காலம் நான்கு மணிக்குச் சப்பரம் புறப்பட்டது. நம் கடற்கரை ஊர்களில் பிறந்தவர்களுக்குத் தெரியும், சப்பரத்தின்மேல் உப்பும் மிளகும் எறிவோம். தெருவெல்லாம் வெறும் காலில் உப்பு நறநறக்கும். எங்கள் ஊரில் இன்னொரு வழக்கமும் உண்டு. தூக்கி வருபவர்கள் தெருவுக்கு ஒரு தடவை சப்பரத்தை இறக்கி இளைப்பாறுவார்கள். இறக்கிய இடத்தில் அந்தத் தெருக்காரர்கள் ஒரு பாட்டு முழுசாகப் பாட வேண்டும். பாட்டு முடிகிறவரை சப்பரத்தைத் தூக்கக் கூடாது. அந்த நேரம் அந்தத் தெருவுக்குச் சொந்தம். பங்குச் சாமியாரோ உபதேசியாரோ அதில் வாயைக் கொடுக்க முடியாது.

எங்கள் தெருவில் இறக்கினார்கள். பெண்கள் பாடத் தொண்டையைச் செருமியபோது, எங்கள் வீட்டு வாசலில் ஒரு பலகையைப் போட்டு அத்தை உட்கார்ந்தாள். மடியில் சட்டிக் கிட்டார். பாதிக் கழுத்தில் மறுபடியும் ஒரு குட்டைக் கம்பி இருந்தது. எப்போது கட்டினாள், எதைக் கட்டினாள் என்று எனக்குத் தெரியாது.

அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு, "உள்ள போ ஏட்டி" என்றார்.

"இது என் தெருவு அண்ணே" என்றாள் அத்தை. வாசித்தாள்.

எத்தனையோ கச்சேரி கேட்டுவிட்டேன். அதுபோல ஒன்று கேட்கவில்லை என்று சொன்னால், கிழவி சொல்கிறாள் என்று நீங்கள் சிரிப்பீர்கள். சிரியுங்கள். பெண்கள் பாதியில் பாட மறந்தார்கள். உப்பின்மேல் கால்கள் மாறி மாறி நின்றன. சப்பரம் தூக்குகிற ஆள் ஒருவர் தோள்கம்பைத் தட்டிக்கொண்டே வந்தார். முடிந்துவிடுமோ என்று எல்லோரும் பயந்தபோது அத்தை முதலிலிருந்து ஆரம்பித்தாள். பாட்டு முடியாமல் தூக்கக் கூடாதே. சாமியார் வெயிலில் குடையோடு நின்றார். உபதேசியார் முகத்தை நான் பார்த்தேன். அந்த மனுஷருக்குக் காது இருந்தது. எதை அறுத்தோம் என்று அப்போது அவருக்குத் தெரிந்துவிட்டது.

சப்பரத்தோடு வாசிக்கத் திருநெல்வேலி டவுணிலிருந்து கூலிக்கு ஒரு கோஷ்டி வந்திருந்தது. அதில் இருந்த மாண்டலின்காரர் வாசலில் வந்து குத்தவைத்து, அத்தையின் பெருவிரலையே பார்த்தார். பாட்டு முடிந்து சப்பரம் நகர்ந்ததும் அப்பாவிடம் கேட்டார், "இந்தக் குட்டக் கம்பி யாரு கட்டுனது அண்ணாச்சி?"

என் அப்பா சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "உபதேசியார் கட்டுனது. எந்தங்கச்சி சும்மா வச்சித் தட்டிக்கிட்டிருக்கா."

உபதேசியார் எங்கள் வீட்டு வாசலைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "ஆமா, நாந்தான்" என்றார். அத்தை அதற்குள் உள்ளே போய்விட்டிருந்தாள்.

அப்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அத்தைக்கு விழ வேண்டிய திட்டை அப்பா வேறு பக்கம் திருப்பிவிட்டார் என்று நினைத்தேன். அப்பாவும் அப்படித்தான் நினைத்திருப்பார். வெளியூர்க் கூலிக் கோஷ்டிக்காரன் தன் தங்கை பெயரை ஊர் ஊராகச் சொல்லித் திரிவது அவருக்கு அவமானம். அவளைக் காப்பாற்றுவதாக எண்ணிக்கொண்டு, அவளுடையது என்று உலகத்தில் இருந்த ஒன்றே ஒன்றைத் தூக்கிக் கொடுத்துவிட்டார். எனக்கு என் அப்பாவை ரொம்பப் பிடிக்கும். இதற்காக மட்டும் அவர் கல்லறையில் பூ வைக்கும்போதெல்லாம் மனசுக்குள் திட்டிவிட்டுத்தான் வருகிறேன்.

அடுத்த மழையில் வாத்தியத்தின் தோல் கிழிந்தது. வேறு தோல் மாட்டித் தர ஊரில் ஆள் இல்லை. அத்தை மாமாவோடு தூத்துக்குடிக்குக் குடிபோனாள். அந்த வட்டச் சட்டம் வீணாகக் கிடக்கிறதே என்று என் அம்மா அதில் கம்பிவலை கட்டிச் சல்லடையாக்கினாள். பல வருஷம் எங்கள் வீட்டுப் புட்டு மாவை அதில்தான் சலித்தோம். நாங்களும் வாயெல்லாம் பல்லாகப் புட்டுத் தின்றோம்.

ஆனால் அந்தச் சத்தம் போய்விட்டது, பஸ் ஏறி. டவுண் மாண்டலின்காரர் தன் வாத்தியத்தில் ஆணி அடித்தார். அவரைப் பார்த்து அடுத்தவர், அவரைப் பார்த்து அடுத்தவர். ஆற்றங்கரை நெடுக எந்தக் கல்யாணத்தில் கோஷ்டி வாசித்தாலும், பாட்டுக்கு இடையில் அரை அடி முந்தி ஒரு ணங் கேட்கும். இப்போது மாண்டலின் இல்லாத கோஷ்டியில் கீபோர்டுக்காரப் பையன் அதே சுரத்தைச் சுண்டுவிரலால் தட்டுகிறான். எங்கிருந்து வந்தது என்று கேட்டால், "எங்க நடையே இதான்" என்கிறான். தாமிரபரணித் தண்ணீரில் உப்பு எப்படி வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை.

என் பேத்தி கைப்பேசியில் ஒன்று காட்டினாள். அமெரிக்காவில் மலைநாட்டுப் பக்கம், கிராமத்துக் கம்பி வாத்தியக் குழுக்கள். பழைய காலத்தில் இரண்டு மூன்று பேர் கூடி வாசித்ததிலிருந்துதான் இன்றைக்கு அங்கே கூட்டம் கூட்டமாகக் கேட்கிற நாட்டுப்புறப் பாட்டெல்லாம் கிளைத்ததாம். பார்த்தால், அதே சட்டிக் கிட்டார், அதே பாதிக் கழுத்துக் கம்பி, அதே பெருவிரல். தச்சன் ஒரு அளவும் தப்பவில்லை. அங்கே ஒருவரும் கத்தரியைத் தூக்கிக்கொண்டு வரவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

மலர் அச்சுக்குப் போக இரண்டு நாள் இருந்தபோது தூத்துக்குடிக்குப் போனேன். அத்தைக்கு எண்பத்தொன்று. காது கூர்மை, முழங்கால்தான் மோசம். விஷயத்தைச் சொன்னேன். "அவரு பேருல இருந்துட்டுப் போட்டும் ஏட்டி, செத்துப் போன மனுசன்" என்றாள். எனக்கு வந்ததே கோபம். "நீ மன்னிப்பே. நான் மன்னிக்கமாட்டேன். கிளம்பு" என்றேன். பஸ்ஸில் வரும்போது, கத்தரி எடுத்துக் கொடுத்தது நான்தான் என்று முதல்முதலாகச் சொன்னேன். "தெரியும். ஒங்கையில மெழுகு ஒட்டியிருந்துச்சு" என்றுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

செயலாளரின் கோஷ்டி அலுவலகம் டவுணில் ஒரு துணிக்கடை மாடியில். படியேற அத்தைக்குக் கால் மணி நேரம் ஆனது. அவர் நாற்காலி போட்டு, அல்வாவும் மிக்சரும் வாங்கி வைத்தார். மேசைமேல் மலரின் அச்சுப் படி. முதல் பக்கத்தில் உபதேசியார்.

"ஆச்சி, தப்பா நெனைக்காதிய. எங்கப்பா நேர்ல பாத்து, கேட்டுட்டு வந்ததுதான் இது" என்றார். அன்றைக்கு வாசலில் குத்தவைத்தவரின் மகன் இவர்.

"வாசி லே, கேப்போம்" என்றாள் அத்தை.

அவர் வாசித்தார். பாதிப் பாட்டில் குட்டைக் கம்பி படீரென்று அறுந்தது. அவர் கூச்சத்தோடு மேசை இழுப்பறையிலிருந்து வேறு ஒன்றை எடுத்தார். அங்கே ஒரு கட்டுக் கம்பி இருந்தது.

"இது எப்பவும் அறுந்துக்கிட்டே இருக்கும் ஆச்சி. கச்சேரிக்கு ரெண்டு அறும். இந்தப் பக்கம் எல்லாருக்கும் இதான் பாடு. என்ன கம்பின்னு கேட்டதுக்கு உபதேசியார் எஃகுக் கம்பின்னுதான் சொன்னாராம், எங்கப்பா குறிச்சி வச்சிருக்காவ."

அத்தை சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

"அவரு அறுத்தது எஃகு. நான் கட்டுனது தங்கூசி லே, தூண்டில் நரம்பு. இவ அப்பன் தூண்டில்ல இருந்து ராவோட ராவா உருவுனேன். மறுநாளு பூரா நரம்பக் காணும்னு தேடிக்கிட்டுத் திரிஞ்சான். கட்டுனவரா இருந்தா இது தெரிஞ்சிருக்கும்லா?"

செயலாளர் எழுந்து கீழே போனார். கடையில் தங்கூசி வாங்கிக்கொண்டு வந்தார். அத்தை முடிச்சைத் தானே போட்டாள். அவர் முறுக்கினார், ஆணி கிறீச்சிட்டது. சத்தம் எஃகைவிடக் கொஞ்சம் மெத்தென்று, ஆனால் நின்று ஒலித்தது. ஒரு பாட்டு, இரண்டு பாட்டு, மூன்றாவது பாட்டை வேண்டுமென்றே ஓங்கி ஓங்கி அடித்தார்.

"அறாதா ஆச்சி?"

"சுறா இழுத்தே அறாது. ஒன் கட்டவெரலுக்கு அறுமாக்கும்."

அவர் மாண்டலினை மேசைமேல் வைத்தார். அச்சுப் படியை இழுத்து, பேனாவைத் திறந்து, முதல் பக்கத்தில் உபதேசியாரின் பெயரை அடிக்கப் போனார். அத்தை அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"எம்பேர மேல எழுது. அவரு பேர அடிக்காத, அங்கனயே இருக்கட்டும்" என்றாள். "பக்கத்துல, அறுத்தவருன்னு போடு."